ஊர் பார்க்க வந்தார், ஆபரேஷன் செய்தார்!

நெய்யூர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்ட 'எவரெஸ்ட்' டாக்டர்

பவானிப் பக்கத்தில் ஒரு கிராமம். நள்ளிரவு நேரம். வீட்டில் ஒருவருக்குத் தாங்க முடியாத வயிற்று வலி.

என்ன செய்கிறார்கள்? 108-க்குப் போன் செய்கிறார்கள்.

"ஏனுங்க, வண்டி கெளம்பிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது. பவானியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கும் மேலே வேண்டும் என்றால் ஈரோடு இருக்கிறது. பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு?

அப்போது மாட்டு வண்டிதான் ஆம்புலன்ஸ். வண்டியும் கிடைக்காவிட்டால் கயிற்றுக் கட்டில். நோயாளியை அதில் படுக்கவைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நோயாளியின் உயிர், மாட்டின் காலிலும் மனிதரின் தோளிலும் இருந்தது.

ஓடி எங்கே போவது? பல ஊர் மக்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரிதான் கதி. ஈரோட்டில் லண்டன் மிஷன் சங்கம் ஓர் ஆஸ்பத்திரி நடத்தியது. இன்று அது சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி.

அதே சங்கம், தமிழ்நாட்டின் தென்கோடியிலும் ஓர் ஆஸ்பத்திரி நடத்தியது. அந்த ஊர் நெய்யூர். பவானியில் இருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம்.

கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரின் 'டியூட்டி' எப்படி இருக்கும்? அதைப் பார்த்த ஒரு மனிதரின் வாழ்க்கையே திசை மாறிய கதை, அந்த நெய்யூரில்தான் நடந்தது.

அவர் வைத்தியம் பார்க்க அங்கே வரவில்லை. ஊர் பார்க்க வந்தார்!

*பழைய ஆஸ்பத்திரி*

நெய்யூர் சின்ன ஊர். இரணியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் பனையும் தென்னையும். அந்த நாளில் அது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் அந்தப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது.

1838-ம் ஆண்டு, ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற டாக்டர் அங்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அவருக்குப் பிறகு டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. சில காலம் டாக்டரே இல்லாமலும் கிடந்தது.

1860-களில் டாக்டர் ஜான் லோ என்பவர் ஒரு நல்ல காரியம் செய்தார். உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து, அவர்களுக்கு வைத்தியம் கற்றுக் கொடுத்தார். கற்றுத் தேறியவர்கள் சுற்றுப்புற ஊர்களில் கிளை ஆஸ்பத்திரிகளைக் கவனித்துக்கொண்டார்கள். மரம் வேர் விட்டதுபோல, நெய்யூர் ஆஸ்பத்திரி ஊர் ஊராகப் பரவியது. உலகத்திலேயே பெரிய மருத்துவ மிஷன்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

கிளைகளில் சின்ன நோய்களுக்கு மருந்து கிடைக்கும். கத்தி வைக்க வேண்டிய நோய் என்றால் நெய்யூருக்குத்தான் வர வேண்டும்.

1922-ம் ஆண்டு நெய்யூரில் பெரிய ஆபரேஷன் செய்யத் தெரிந்த டாக்டர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ஸ்டீபன் பியூ.

ஒரு டாக்டர், வாசலில் நீண்ட வரிசை. இதுதான் அப்போதைய நெய்யூர்.

*செருப்பு வியாபாரியின் மகன்*

அந்த ஆண்டு, நெய்யூருக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயது 32. நல்ல உடற்கட்டு. பனியும் வெயிலும் பட்ட முகம்.

அவர் பெயர் தியடோர் ஹோவர்டு சோமர்வெல்.

1890-ம் ஆண்டு, இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். அவர் குடும்பத்துக்குச் செருப்பு, பூட்சு செய்யும் பெரிய தொழில் இருந்தது. அவர் விரும்பி இருந்தால், அந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். லண்டனில் டாக்டருக்குப் படித்தார். ரண சிகிச்சையில் தேர்ந்தார். படம் வரைவார். இசையும் தெரியும். மலை ஏறுவது என்றால் உயிர்.

படிப்பு தராத பாடம் ஒன்றை, போர்க்களம் அவருக்குத் தந்தது.

*"என்னை முதலில் பாருங்கள்" என்று யாரும் சொல்லவில்லை!*

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1916-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, பிரான்சில் சோம் நதிப் பக்கம் பெரும் சண்டை மூண்டது. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 57 ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள்.

காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து போடும் கூடாரங்களில் சோமர்வெல் வேலை பார்த்தார். ஆபரேஷன் செய்ய நாலு டாக்டர்கள்தான். வெளியே, கண்ணுக்கு எட்டிய தூரம் ஸ்டிரெச்சர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர். பலருக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது, சோமர்வெல் வெளியே வந்து அவர்களிடம் பேசினார். அவர் கவனித்த ஒரு விஷயம், அவர் மனத்தைவிட்டு நீங்கவே இல்லை.

'என்னை முதலில் பாருங்கள்' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாகக் கிடந்தவர்கள், தங்கள் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

காத்திருக்கும் மனிதர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்று அவர் கற்றுக்கொண்டார். போரின்மேல் அவருக்கு வெறுப்பு வந்ததும் அப்போதுதான்.

*பனி விழுங்கிய ஏழு பேர்*

போர் முடிந்தது. 1922-ல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற இங்கிலாந்தில் இருந்து ஒரு குழு புறப்பட்டது. சோமர்வெல்லும் அதில் ஒருவர்.

மே மாதம் 21-ந் தேதி, மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் ஆகிய மூவரும் சுமார் 27 ஆயிரம் அடி உயரம் ஏறினார்கள். பிராணவாயு உருளை எதுவும் இல்லாமல், வெறும் மூச்சில் ஏறினார்கள். அதற்கு முன்பு அவ்வளவு உயரம் எந்த மனிதரும் ஏறியதில்லை.

ஜூன் 7-ந் தேதி மறுபடியும் முயன்றார்கள். சுமை தூக்கும் ஷெர்ப்பாத் தொழிலாளர்களும் கூடவே கயிற்றில் பிணைத்துக்கொண்டு ஏறினார்கள். திடீர் என்று பனி சரிந்தது! ஒன்பது தொழிலாளர்களை அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளியது. இரண்டு பேரைத்தான் உயிரோடு எடுக்க முடிந்தது. ஏழு பேர் மாண்டார்கள்.

வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இது சோமர்வெல்லின் மனத்தை அறுத்தது. ஆபத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்ததே, சாவில் மட்டும் எங்களில் ஒருவருக்குக்கூடப் பங்கு இல்லாமல் போய்விட்டதே என்று வருந்தினார். தானும் அந்தப் பனியில் செத்துக் கிடந்திருக்கலாமே என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார்.

அந்த மனச் சுமையோடுதான் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். இமயமலையில் இருந்து தெற்கே, தெற்கே என்று வந்தார். அந்தக் காலத்தில் நெய்யூர்ப் பக்கம் ரயில் கிடையாது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். கடைசிப் பயணம் சாலை வழியாகத்தான்.

இப்படி வந்து சேர்ந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் அந்த வரிசையைப் பார்த்தார்.

*விருந்தாளி கத்தியை எடுத்தார்*

உள்ளே, டாக்டர் பியூ ஒருவரே திண்டாடிக்கொண்டிருந்தார். வெளியே, நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள்.

சோமர்வெல் என்ன செய்திருக்கலாம்? ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை செய்கிறீர்கள்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விருந்தாளிகள் அப்படித்தான் செய்வார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. உடனே, தானும் உதவிக்கு வருவதாகச் சொன்னார். ஆபரேஷன் செய்யும் வேலையில் இறங்கிவிட்டார்.

மலை ஏறியவரின் விடுமுறை, ஆஸ்பத்திரி டியூட்டியாக மாறிவிட்டது!

*யாரை முதலில் பார்ப்பது?*

அந்தக் காலத்துக் கிராம ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என்ன பாடுபடுவார் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

விடியும் முன்பே ஜனங்கள் வந்துவிடுவார்கள். முந்தின இரவே வந்து, திண்ணையில் படுத்திருப்பவர்களும் உண்டு. நோயாளி ஒருவர் என்றால், கூட வருகிறவர்கள் மூன்று பேர். சட்டி பானையோடு வருவார்கள். மர நிழலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுவார்கள்.

டாக்டருக்கு முன்னால் உள்ள முதல் கேள்வி, 'என்ன மருந்து கொடுப்பது?' என்பது அல்ல. 'யாரை முதலில் பார்ப்பது?' என்பதுதான்.

ஒருவருக்குச் சொறி சிரங்கு. அவர் விடியற்காலையில் வந்தவர். ஆனாலும் அவர் நாளைவரை பொறுக்கலாம்.

ஒருவர் பனையில் இருந்து விழுந்தவர். கால் எலும்பு முறிந்திருக்கிறது. ரத்தம் நின்றிருந்தால், கட்டையை வைத்துக் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

ஒருவருக்குக் குடல் இறக்கம். இறங்கிய குடல் உள்ளே திரும்பிப் போகாமல் இறுகிக்கொண்டது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டால், சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். இவர் பொறுக்கவே முடியாது.

ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது. காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. வண்டியிலேயே பாதி நாள் போய்விட்டது.

ஒருவருக்கு வயிறு பலகைபோல் விறைத்திருக்கிறது. தொட்டாலே அலறுகிறார். வயிற்றுப் புண் உடைந்து, இரைப்பையில் உள்ளது எல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிட்டது என்று அர்த்தம். இவரையும் உடனே அறுத்துத் தைக்க வேண்டும்.

மூன்று பேரும் 'உடனே' பார்க்க வேண்டியவர்கள். டாக்டர் ஒருவர். மேஜை ஒன்று!

இந்த இடத்தில் இரண்டாவது டாக்டர் ஒருவர் இருந்தால்? மூன்றில் ஒன்று என்பது, மூன்றில் இரண்டு ஆகும். கணக்கு சின்னதுதான். ஆனால் அந்த இரண்டாவது நோயாளியின் வீட்டாருக்கு, அந்தக் கணக்கு ஓர் உயிர்.

*மயக்க மருந்து முதல் பச்சைத் தண்ணீர் வரை*

அப்போது ஆபரேஷன் என்பது இப்போது உள்ளதுபோல் இல்லை.

நோயாளியின் முகத்தில் துணி போர்த்திய வலை மூடியை வைப்பார்கள். அதன்மேல் குளோரோபாரம் அல்லது ஈதர் என்ற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சொட்டு கூடினால் மூச்சு நின்றுவிடும். குறைந்தால் நோயாளி பாதியில் விழித்துவிடுவார். சொட்டு விடுகிறவரின் விரலில் ஓர் உயிர் இருந்தது. வயிற்றுக்குக் கீழே ஆபரேஷன் என்றால், முதுகுத் தண்டில் ஊசி போட்டு மரக்க வைக்கும் முறையும் உண்டு.

ஆயுதங்களைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார்கள். புண் சீழ் பிடித்தால் கொடுக்க, இப்போது இருப்பதுபோல் மருந்து கிடையாது. பென்சிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டது 1928-ல். அது நோயாளிகளின் கைக்கு வந்தது 1940-களில். அதுவரை சுத்தம் ஒன்றுதான் மருந்து. சுத்தமான கை, சுத்தமான கத்தி, சுத்தமான துணி.

ஆபரேஷன் முடிந்த உடன் இன்னொரு போராட்டம் தொடங்கும். வயிற்றைத் தைத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்சு சொல்லிவிட்டுப் போவார். 'நாக்கு வறண்டு கிடக்கிறானே' என்று பாட்டி முந்தானையில் மறைத்துக் கஞ்சி கொண்டுவருவாள். அதையும் கவனிக்க வேண்டும்.

நடு இரவில் மறுபடியும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும். விளக்கை ஏற்றிக்கொண்டு ஆள் ஓடிவருவார். டாக்டரின் தூக்கம் போகும்.

காலையில் எழுந்து பார்த்தால், வரிசை குறைந்திருக்காது. நேற்றைய வரிசை போய், இன்றைய வரிசை வந்திருக்கும்.

மலைக்கு ஓர் உச்சி உண்டு. அந்த வரிசைக்கு உச்சியே இல்லை!

*லண்டனா? நெய்யூரா?*

சோமர்வெல்லுக்கு லண்டனில் நல்ல காலம் காத்திருந்தது. அவர் படித்த பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலை தயாராக இருந்தது. அங்கே இருந்தால் பேர் வரும், பணம் வரும், பதவி வரும்.

அவர் யோசித்தார். லண்டனில் அவர் இல்லாவிட்டால், அந்த நாற்காலிக்கு இன்னொரு நல்ல டாக்டர் வருவார். நெய்யூரில் அவர் இல்லாவிட்டால்?

சோம் நதிக் கரையில் ஸ்டிரெச்சரில் காத்திருந்த முகங்களைப் பார்த்தவர் அவர். பனியில் ஏழு பேரைப் பறிகொடுத்தவர் அவர். நெய்யூர்த் திண்ணையில் காத்திருந்த முகங்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

லண்டன் வேலையை வேண்டாம் என்று சொன்னார். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கே டாக்டராகப் போவது என்று முடிவு செய்தார்.

நண்பர்களுக்கு ஆச்சரியம். ஆனால் மலை ஏறுகிறவர் கால் வைத்துவிட்டால் எடுக்க மாட்டார்.

*கயிற்றின் நுனியில் நாலு உயிர்*

1924-ம் ஆண்டு, எவரெஸ்டுக்கு இன்னொரு முறை குழு போனது. சோமர்வெல்லும் போனார்.

அப்போது, பனிச் சரிவுக்கு மேலே நாலு சுமைத் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். இறங்கப் பயந்து உறைந்துவிட்டார்கள். விட்டால் செத்துவிடுவார்கள். சிகரம் ஏறும் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் அவர்களைத் தேடி ஏறினார்கள்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு சோமர்வெல் சரிவில் குறுக்கே போனார். பாதியில் கயிறு தீர்ந்துவிட்டது! எட்டவில்லை. ஒவ்வொருவராக வரச் சொன்னார். இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரும் வரும்போது சறுக்கினார்கள். சரிந்துகொண்டே போய், பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள்.

சோமர்வெல் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு கையில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, அந்த இருவரையும் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்.

இந்த முறை ஒருவர்கூடச் சாகவில்லை.

ஜூன் 4-ந் தேதி அவரும் நார்ட்டனும் சிகரத்தை நோக்கி ஏறினார்கள். 28 ஆயிரம் அடி உயரத்தில் சோமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்தது. குளிர்ந்த காற்று தொண்டையின் உட்புறத் தோலைக் கருக்கிவிட்டது. அவர் நின்றுவிட்டார். நார்ட்டன் தனியே 28,126 அடிவரை போய்த் திரும்பினார்.

இறங்கும்போது சோமர்வெல்லுக்கு மூச்சே நின்றுவிட்டது. முன்னால் போன நார்ட்டனுக்கு இது தெரியாது. பனியில் உட்கார்ந்துவிட்டார். 'இதுதான் முடிவு' என்று நினைத்தார். கடைசியாக, இரண்டு கைகளாலும் தன் மார்பைப் பலம்கொண்ட மட்டும் அழுத்தினார். தொண்டையை அடைத்திருந்த தோல் துண்டு, ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்தது!

நாலு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் ஏறினார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை.

மலை தந்த உயிரோடு சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். 1925-ல் மார்கரெட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். நெய்யூரே குடும்பத்துக்கு வீடாயிற்று.

*வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்*

நெய்யூருக்கு வந்த நோயாளிகளில் ஒரு கூட்டம், அவரை யோசிக்க வைத்தது. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. பல ஆண்டு வலியில், உடம்பு எலும்பும் தோலுமாய் இருந்தது.

அது குடல் புண். இரைப்பையை அடுத்த சிறுகுடலில் வரும் புண். அது ஆறித் தழும்பானால் வழி சுருங்கிவிடும். சாப்பிட்டது கீழே இறங்காது, வாந்தியாகிவிடும். சோறு இருந்தும் பட்டினி!

சோமர்வெல் வயிற்றைத் திறப்பார். இரைப்பையில் ஒரு புது வாசல் வைத்து, சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பார். அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு உணவு போகும். வயல் வாய்க்கால் தூர்ந்துபோனால், பக்கத்தில் ஒரு கிளை வெட்டி விடுகிறார்களே, அதுபோல!

இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நெய்யூரில் ஆபரேஷன் நடந்தது. குடல் புண் ஆபரேஷன் என்றால் நெய்யூர் என்று பெயர் பரவியது. அங்கே கண்டதை எல்லாம், டாக்டர் ஆர் என்ற இன்னொரு டாக்டருடன் சேர்ந்து எழுதி, இங்கிலாந்தின் பெரிய மருத்துவப் பத்திரிகையில் 1936-ல் வெளியிட்டார். கிராமத்து ஆஸ்பத்திரியில் நடந்த வேலையை உலகத்து டாக்டர்கள் படித்தார்கள்.

இவ்வளவு பேருக்கு இந்தப் புண் ஏன் வருகிறது? ஏழைகள் மரச்சீனிக் கிழங்கை மட்டும் தின்று வாழ்வதால், உடம்புக்கு வேண்டிய சத்து கிடைக்கவில்லை. அதனால்தான் என்று அவர் நினைத்தார்.

முழு விடை பிறகுதான் கிடைத்தது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு டாக்டர்கள், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டார்கள். குடல் புண்ணுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்று காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று நோயை வரவழைத்துக்கொண்டார்! இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று குடல் புண் வந்தால், பெரும்பாலானவர்களுக்குக் கத்தி தேவை இல்லை. சில வாரம் மாத்திரை போதும். ஆனால் ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கினாலும் இந்தப் புண் வரும்.

*இரண்டாவது சிகரம்*

நெய்யூரில் சோமர்வெல் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1938-ல் அரசாங்கம் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் தந்தது. ஆனால் அவர் ஒருவரே எல்லாம் செய்துவிடவில்லை. அவருக்கு முன்பு தனியாக நின்று வரிசையைச் சமாளித்த டாக்டர் பியூ இருந்தார். மயக்க மருந்து சொட்டு விட்டவர்கள், இரவெல்லாம் நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்தவர்கள், கிளை ஊர்களில் தனியாக நின்று மருந்து கொடுத்தவர்கள் எல்லாரும் உள்ளூர் மனிதர்கள்தான். அவர்கள் பெயர் பத்திரிகையில் வரவில்லை.

ஒரு டாக்டர் எவ்வளவு ஓடினாலும் வரிசை தீராது. வரிசை தீர வேண்டும் என்றால், டாக்டர்கள் பலர் வேண்டும். இதற்கும் சோமர்வெல் தன் பங்கைச் செய்தார். 1940-களின் கடைசியில் வேலூருக்குப் போனார். அங்கே ஐடா ஸ்கடர் என்ற பெண் டாக்டர், 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பெரிய கல்லூரியாக வளர்ந்திருந்தது. 1947 முதல் ஆண்களும் அதில் படித்தார்கள். அந்தக் கல்லூரியில் சோமர்வெல் 1961-ம் ஆண்டுவரை ரண சிகிச்சை கற்றுக் கொடுத்தார்.

நெய்யூரில் அவர் இரண்டாவது டாக்டராக நின்றார். வேலூரில் நூறாவது, இருநூறாவது டாக்டர்களை உருவாக்க உதவினார்.

1961-ல் ஊர் திரும்பினார். மலை ஏறுவோரின் பழைய சங்கம் ஒன்று அவரைத் தலைவராக்கியது. 1975-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, தம் 84-வது வயதில், இங்கிலாந்தில் காலமானார். நெய்யூர் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

சோமர்வெல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டவே இல்லை. இரண்டு முறை போனார். இரண்டு முறையும் திரும்பி வந்தார்.

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி, டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார்கள். உலகமே கொண்டாடியது.

அந்த ஆண்டில் சோமர்வெல் வேலூரில் இருந்தார். வயது 63. அடுத்த தலைமுறை டாக்டர்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில், நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள்.